வலப்பக்க வலியும் என் குடல் பைகளும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பசார் மாலத்தில், அதாவது இரவுச் சந்தையில், இப்போது என் குடலைப் பற்றிப் பல கதைகள் ஓடுகின்றன. ‘கிராணியம்மாவுக்குக் குடலில் ஓட்டையாம்’ என்பது ஒன்று. ‘கேன்சர்தான், வீட்டில் மறைக்கிறார்கள்’ என்பது இன்னொன்று. கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்) விற்கும் அக்கா அதற்கும் மேலே போய்விட்டார். கடலை தின்று தின்று அது குடலில் போய் அடைத்துக்கொண்டதாம். தன் வியாபாரத்துக்குத் தானே வேட்டு வைக்கிறோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. பார்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்: எனக்கு வந்தது டைவர்டிகுலைட்டிஸ், பெருங்குடல் சுவரில் பிதுங்கிய சிறு பையில் வந்த வீக்கம். கேட்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம்.

எனக்கு வயது 47. தோட்ட ஆபீசில் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு பார்க்கிறேன். சம்பளக் கணக்கு முடிக்கிற வாரம்தான் வலி வந்தது. தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம், கை வைத்துக் காட்டக்கூடிய ஓரிடத்தில். பிரசவ வலி மாதிரி விட்டுவிட்டு வரவில்லை, உட்கார்ந்தாலும் நின்றாலும் ஒரே சீராக வலித்துக்கொண்டிருந்தது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். காஸ்ட்ரிக் என்று சொல்லி வெள்ளை மருந்து ஒரு பாட்டிலும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். நம் நாட்டில் மார்புக்கும் தொடைக்கும் நடுவில் எங்கே வலித்தாலும் முதலில் காஸ்ட்ரிக்தான். வயிற்றை அமுக்கிப் பார்க்கக்கூட இல்லை.

அன்றிரவு காய்ச்சல் வந்தது. எங்கள் வீட்டு வரிசையில் ஓய்வுபெற்ற டிரஸர் (தோட்ட ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளர்) ஐயா ஒருவர் இருக்கிறார். தோட்டத்துக்கு சொந்த ஆஸ்பத்திரி இருந்த காலத்து மனிதர். அவர் வந்து வலிக்கிற இடத்தில் விரல்களை மெதுவாக அழுத்தினார், பிறகு சட்டென்று கையை எடுத்தார். அழுத்தியபோது இருந்ததைவிடக் கையை எடுத்தபோதுதான் உயிர் போனது. “இது காஸ்ட்ரிக் இல்லைம்மா, உள்ளே எங்கேயோ வீங்கியிருக்கு. குடல்வால், அப்பெண்டிக்ஸாகத்தான் இருக்கும். விடியட்டும்னு காத்திருக்காதே, ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு” என்றார். என் வீட்டுக்காரர் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர். அன்றைக்கு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு லாரியை விட மெதுவாக ஓட்டினார். சாலையில் ஒவ்வொரு குழிக்கும் நான் கத்தினேன், அதுதான் காரணம். சாலைக் குழியில் வண்டி குலுங்கும்போது வலி கூடுவதும் வயிற்றுக்குள் வீக்கம் இருப்பதற்கு ஓர் அடையாளமாம். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அங்கே என்னை மஞ்சள் மண்டலத்தில், அதாவது அவசரம் ஆனால் உடனே உயிருக்கு ஆபத்தில்லை என்கிறவர்களுக்கான பகுதியில், போட்டார்கள். இரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன, சிஆர்பி என்கிற அழற்சி அளவும் ஏறியிருந்தது. சிறுநீர் சோதித்தார்கள். கர்ப்பமா என்று ஒரு சோதனையும் செய்தார்கள். என் மகளுக்கே 24 வயது. ஆனால் மாதவிடாய் நிற்காத எந்தப் பெண்ணுக்கும் அடிவயிறு வலித்தால் அதைப் பார்க்காமல் மேலே போகமாட்டார்கள். கருக்குழாயில் கரு தங்கினாலும் இப்படி வலிக்கும், சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொண்டாலும் இப்படி வலிக்கும். அது போக, ஸ்கேன் கதிர் வயிற்றில் படும் முன் தெரிந்தாக வேண்டும். தாதி கேட்டபோது என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து, அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அல்ட்ராசவுண்டில் குடல்வால் தெரியவில்லை. பல பேருக்குத் தெரியாதாம், மேலே காற்று நிறைந்த குடல் மறைத்துவிடும். வலப்பக்கம், காய்ச்சல், வெள்ளை அணு என்று எல்லாம் பொருந்தி வருவதால் குடல்வாலை எடுத்துவிடலாம் என்று ஓர் இளைய டாக்டர் கையெழுத்துத் தாளோடு வந்துவிட்டார். நானும் பேனாவை வாங்கிவிட்டேன். அப்போது ரவுண்ட்ஸ் வந்த சிறப்பு மருத்துவர், ஒரு மலாய்க்காரப் பெண்மணி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சில கேள்விகள் கேட்டார். வலி முதலில் தொப்புளைச் சுற்றி வந்து பிறகு வலப்பக்கம் இறங்கியதா? இல்லை, தொடக்கத்திலிருந்தே இங்கேதான். வாந்தி? இல்லை. பசி? இருக்கிறது, வழியில் ரொட்டி சனாய் கேட்டு வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கினேன். எத்தனை நாளாக வலி என்று கேட்டுவிட்டு, அவர் இளைய டாக்டரைத் திரும்பிப் பார்த்து, “முதலில் சிடி ஸ்கேன் எடுங்கள்” என்றார்.

குடல்வால் வலி பெரும்பாலும் தொப்புளில் தொடங்கி இடம் மாறும், சாப்பாடு பிடிக்காது, குமட்டும். எனக்கு அதில் எதுவும் இல்லை என்பதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

சிடி ஸ்கேன் பற்றிப் பயப்படுகிறவர்களுக்காக: முதலில் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். பிறகு நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது உள்ளே போனதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும், படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டோமோ என்று தோன்றும். போயிருக்கமாட்டோம். மூச்சைப் பிடி, விடு என்று இயந்திரம் மலாயில் சொல்லும். அவ்வளவுதான்.

படத்தில் என் குடல்வால் ஒல்லியாக, சமர்த்தாக இருந்தது. அதற்குச் சற்று மேலே, பெருங்குடல் தொடங்கி மேல்நோக்கி ஏறுகிற பகுதியில், சுவர் தடித்துப்போய், சுற்றியுள்ள கொழுப்பு கலங்கி, நடுவில் வீங்கிய சிறிய பை ஒன்று இருந்தது. சீழ்க்கட்டி இல்லை, குடலுக்கு வெளியே காற்றுக் குமிழி இல்லை, அதாவது ஓட்டை இல்லை. டைவர்டிகுலைட்டிஸ் என்றார் டாக்டர். பக்கத்திலேயே வீங்காத பைகள் இன்னும் சில தெரிந்தன. அவற்றுக்கு டைவர்டிகுலா என்று பெயர். நான் கையில் வாங்கிய பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்தப் பைகள் எப்படி வருகின்றன என்று கேட்டேன். குடல் சுவரில் தசை அடுக்கு உண்டு. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு நாளங்கள் அந்தத் தசையைத் துளைத்துக்கொண்டுதான் போயாக வேண்டும். துளைக்கிற இடம் எப்போதும் கொஞ்சம் பலவீனம். குடல் இறுகி மலத்தைத் தள்ளும்போது உள்ளே அழுத்தம் ஏறி, அந்தப் பலவீனமான இடம் வழியாக உள்சவ்வு வெளியே பிதுங்குகிறது. வெட்டுப்பட்ட பழைய சைக்கிள் டயரில் டியூப் முட்டிக்கொண்டு நிற்குமே, அதைப்போல. பிதுங்கியது மறுபடி உள்ளே போகாது. மருந்து சாப்பிட்டுக் கரைக்கிற விஷயமும் இல்லை. அத்தையிடம் யாரோ ஒரு லேகியம் விற்கப் பார்த்தார்கள், அதனால் சொல்கிறேன்.

பை இருப்பதே நோய் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்கா போன்ற நாடுகளில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இவை இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் தெரியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். பை உள்ளவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வில், என்னைப் போல் வீக்கம் வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு.

வார்டில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் தேடியபோது எனக்குக் குழப்பமாகிவிட்டது. வந்ததெல்லாம் ‘இடப்பக்க அடிவயிற்று வலி’ என்றே வந்தது. எனக்கு வலப்பக்கம். ஆளை மாற்றி ஸ்கேன் போட்டுவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். விஷயம் என்னவென்றால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தப் பைகள் பெரும்பாலும் இடப்பக்கம், பெருங்குடலின் கடைசி வளைவில் வருகின்றன. ஆசியர்களுக்கு வலப்பக்கம் அதிகம். ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், நம் நாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான். ஹவாயில் குடியேறி மேல்நாட்டுச் சாப்பாடு சாப்பிட்ட ஜப்பானியர்களுக்கும் வலப்பக்கமே வந்ததைப் பார்த்து, பிறப்பிலேயே ஏதோ இருக்கிறது என்கிறார்கள். வலப்பக்கத்தில் வருவது கொஞ்சம் இளவயதிலேயே வரும், பெரும்பாலும் சாதுவாகவும் இருக்கும், ஆனால் குடல்வால் வேஷம் போடும். எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி வெள்ளைக்காரர்களின் வயிற்றைப் பற்றியது என்பதைத் தேடுகிற நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுவீடனிலும் டென்மார்க்கிலும் இரட்டையர்களை வைத்து ஆராய்ந்து, இந்த நோய்க்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரை என்று கண்டிருக்கிறார்கள். இதை வீட்டில் சொன்னேன். “எங்க வீட்டு வழியில் யாருக்கும் வயிறு வலித்ததே இல்லை” என்று அத்தை உடனே கணக்கை முடித்துவிட்டார்.

சிகிச்சை நான் பயந்த அளவுக்கு இல்லை. முதலில் தெளிந்த நீராகாரம், நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக், வலிக்குப் பாரசிட்டமால். காய்ச்சல் இறங்கியதும் புபோர், அதாவது கஞ்சி. அப்புறம் மாத்திரைகளோடு வீடு. அந்த மாத்திரைகளில் ஒன்று மெட்ரோநிடசோல். அதைச் சாப்பிடுகிற வரை வாயில் பழைய செம்புக் காசைச் சப்புகிற ருசி போகவே போகாது. யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஆன்டிபயாட்டிக் எல்லாருக்கும் வேண்டியதில்லை என்றும் இப்போது சொல்கிறார்கள். 2012-ல் வெளிவந்த ஒரு சுவீடன் ஆய்வில் 623 பேர், 2017-ல் வந்த நெதர்லாந்து ஆய்வில் 528 பேர். சீழோ ஓட்டையோ இல்லாத சாதாரண வீக்கத்தில், மருந்து கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தேறினார்கள். இதைப் படித்துவிட்டுச் சிறப்பு மருத்துவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அவர்களுக்கெல்லாம் இடப்பக்கம், உனக்கு வலப்பக்கம், காய்ச்சலும் இருந்தது, சிஆர்பியும் ஏறியிருந்தது, நான் கொடுக்காமல் விட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பெண்மணி இருந்தார். தஞ்சோங் ரம்புத்தான்காரர், வயது எழுபதுக்கு மேல். மலாயில்தான் பேசிக்கொண்டோம். அவருக்கும் இதே நோய், ஆனால் இடப்பக்கம், பை வெடித்து மலம் வயிற்றுக்குள் சிந்திவிட்டது. நள்ளிரவில் அறுவை செய்து கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, மேல் முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து, மலம் சேர வயிற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தார்கள். ஹார்ட்மன் முறை என்று அதற்குப் பெயர். ஆன்ரி ஹார்ட்மன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1921-ல் புற்றுநோய்க்காகச் சொன்ன அறுவை, இன்று இதற்கும் கைகொடுக்கிறது. சில மாதங்கள் கழித்து உடம்பு தேறினால் மறுபடி இணைப்பார்கள், சிலருக்கு இணைக்காமலே விட்டுவிடுவார்கள். அந்தம்மா பையைக் கழற்றிக் கழுவி மாட்டுவதை ஒரு தாதியிடம் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தார். முதல் நாள் திரையை இழுத்துவிட்டுக்கொண்டவர், நான் கிளம்பும் சமயத்தில் எனக்கே செய்து காட்டினார். என் நிலைக்கும் அவர் நிலைக்கும் நடுவில் இன்னொரு நிலை உண்டு. சீழ்க்கட்டி உருவானால், சின்னது என்றால் மருந்திலேயே வற்றும். மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே தோல் வழியாகக் குழாய் விட்டு வடிப்பார்கள்.

எங்கள் தோட்டத்துப் பழைய ரப்பர் பால்வெட்டுத் தாத்தா ஒருவருக்கு வேறு மாதிரி வந்தது. வலியே இல்லை. காலையில் கழிப்பறையில் குபுகுபுவென்று இரத்தம். மூலம் என்று நினைத்து இரண்டாம் முறையும் போய்வந்து மயங்கிவிட்டார். பைக்குப் பக்கத்தில் ஓடும் நாளம் அரிக்கப்பட்டு உடைந்தால் இப்படி ஆகும். வலப்பக்கப் பைகள் இரத்தம் கசிவதில் முன்னால் நிற்கும். பெரும்பாலோருக்குத் தானாகவே நின்றுவிடும். தாத்தாவுக்கும் நின்றது, ஆனால் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அவர் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர். அதை நிறுத்துவதா தொடர்வதா என்று டாக்டர்கள்தான் முடிவு செய்தார்கள். மகன் தானாக நிறுத்தப் பார்த்ததற்கு நல்ல வசவு கிடைத்தது.

வீக்கம் இருக்கும்போது குடலுக்குள் கேமரா விடமாட்டார்கள். காற்று ஊதிப் பார்ப்பதில் புண்ணான இடம் கிழியலாம். எனக்கு ஆறு வாரம் கடந்த பிறகுதான் கொலொனோஸ்கோபிக்குத் தேதி கொடுத்தார்கள். ஸ்கேனில் தடித்த சுவர் சில சமயம் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும், அதை நேரில் பார்த்து விலக்கத்தான் இது. பரிசோதனையைவிட முந்தின நாள்தான் பாடு. பொட்டலத்தில் வரும் பொடியை லிட்டர் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். உப்பும் வழவழப்புமாக இருக்கும். ஐஸ் போட்டு, உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பக்கம் வைத்துக் குடித்தால் கொஞ்சம் தேவலாம். கழிப்பறைக்குப் பக்கத்து அறையை வீட்டில் எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். கடைசியில் வருவது வெறும் மஞ்சள் தண்ணீராக இருக்க வேண்டும். பரிசோதனை நேரத்தில் தூக்க ஊசியில் நான் எதையும் உணரவில்லை. புற்று இல்லை, சதை வளர்ச்சி இல்லை, பைகள் மட்டும் இருந்தன. பசார் மாலத்துக் கேன்சர் கதைக்கு இதுதான் பதில். 50 வயது ஆனவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அங்கே பதிவுக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). எங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, பதில் எனக்கே தெரியும்.

இனி சாப்பாடு. இங்கேதான் எனக்கு எல்லாரோடும் சண்டை.

நான் வீட்டுக்கு வந்ததும் அத்தை தக்காளி விதையைக் கரண்டியால் தோண்டி எடுக்க ஆரம்பித்தார். கத்தரிக்காய் கூடாது, கொய்யா கூடாது, கசகசா கூடாது, கடலை கிட்டவே வரக்கூடாது. விதை போய்ப் பைக்குள் உட்கார்ந்துகொள்ளும் என்ற பயம். இது நம் அத்தைகளின் கற்பனை மட்டுமில்லை, டாக்டர்களே பல காலம் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். 2008-ல் அமெரிக்காவில் 47,228 ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளிவந்தது. கொட்டை, சோளப்பொரி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த வீக்கம் கூடவில்லை, உண்மையில் குறைவாகவே இருந்தது. ஆகவே கச்சாங் பூத்தே அக்காவுக்குத் தாழ்மையான விண்ணப்பம்: உங்கள் கடலையில் குற்றமில்லை. ஈப்போ போனால் புந்தோங்கில் இறங்கி நான் கச்சாங் பூத்தே வாங்கத்தான் போகிறேன். வீக்கம் ஆறுகிற வரை மென்மையான சாப்பாடு, அதன் பிறகு எல்லாம் சாப்பிடலாம்.

நார்ச்சத்து விஷயம் சற்று வளைந்து போகிறது. 1971-ல் பெயின்டர், பர்கிட் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள், இது நார்ச்சத்துக் குறைவால் மேல்நாட்டினருக்கு வரும் நோய் என்று எழுதினார்கள். பர்கிட் உகாண்டாவில் வேலை பார்த்தவர், அங்கே இந்த நோயைக் காண்பதே அரிது. அந்தக் கருத்து அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் 2012-ல் கேமரா வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், நார்ச்சத்து நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கும் பைகள் குறையாமல் இருந்தன. பை வருவதை அது தடுக்காது போலும். இருக்கிற பை தொல்லை கொடுத்து ஆஸ்பத்திரியில் சேர்வது மட்டும் குறைகிறது. 2011-ல் வந்த பிரிட்டன் ஆய்வில் ஏறக்குறைய 47,000 பேரில் சைவர்களுக்கு இந்த நோய் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. செவ்வாய், வெள்ளி மட்டும் சைவம் இருக்கிற எனக்கு எத்தனை பங்கு குறையும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை முதலில் குறை என்றார். சிவப்பு இறைச்சி, புகைப்பழக்கம், உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. நாள் முழுக்க செக்ரோல் முன்னால் உட்காரும் எனக்குக் கடைசி இரண்டும் நன்றாகவே பொருந்தும். இப்போது சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வரை நடக்கிறேன். கீரை, பருப்பு, பப்பாளி கூட்டியிருக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே வாரத்தில் தடாலடியாகக் கூட்டினால் வயிறு ஊதிவிடும், தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும்.

தோட்டத்து ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீண்ட கழியில் அரிவாளைக் கட்டிச் செம்பனைக் குலை வெட்டி வெட்டி எல்லாருக்கும் தோளும் முதுகும் போயிருக்கிறது. டைக்ளோஃபினாக், மெஃபெனமிக் அமிலம் மாதிரி மாத்திரைகளை மிட்டாய் போல வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இந்த வகை வலி மாத்திரைகள் குடல் பையில் இரத்தக் கசிவுக்கும் வெடிப்புக்கும் வாய்ப்பைக் கூட்டும். எனக்கு இனி வலி என்றால் பாரசிட்டமால் மட்டும் என்று அட்டையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்ப வருமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வரலாம். வலப்பக்கத்தில் வந்தால் திரும்புவது குறைவு என்றார் டாக்டர். முன்பெல்லாம் இரண்டு முறை வந்துவிட்டால் குடலில் அந்தத் துண்டை வெட்டிவிடுவது வழக்கமாம். இப்போது எத்தனை முறை வந்தது என்று எண்ணி முடிவு செய்வதில்லை, அந்த ஆளின் வாழ்க்கையை அது எவ்வளவு கெடுக்கிறது என்று பார்க்கிறார்கள். எனக்கு அறுவை வேண்டாம் என்றார். காய்ச்சலோடு வலி, வயிறு பலகைபோல் இறுகுவது, மலத்தில் இரத்தம், சிறுநீரோடு காற்று போவது, இதில் எது வந்தாலும் வீட்டில் இருக்காதே என்றார். கடைசியாகச் சொன்னது சிறுநீர்ப்பைக்கும் குடலுக்கும் நடுவில் வழி விழுந்துவிட்டதன் அறிகுறி.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். என் குடல்வால் இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது, அதற்கும் ஒரு நாள் வீக்கம் வரலாம். அடுத்த முறை வலப்பக்கம் வலித்து நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பார்க்கிற டாக்டருக்கு இரண்டில் எது என்று தெரியாது. அதனால் சிடி அறிக்கையையும் கொலொனோஸ்கோபி தாளையும் படம் எடுத்து என் கைப்பேசியிலும் வீட்டுக்காரர் கைப்பேசியிலும் மகளிடமும் போட்டுவைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் அதை லாரி வாடகை ரசீதுகளோடு எங்கோ சேமித்திருக்கிறார், இந்த வாரம் தேடி எடுத்துத் தனியாக வைக்கச் சொல்ல வேண்டும்.